வால்வு மூடி சென்சார்: கோவையில் 27, ஊட்டியில் 25

பைக்கில் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் டயர் பிரஷர் சென்சார் மாட்டியாகிவிட்டது. அதற்கு முன் பஞ்சர் கடையில் ரப்பர் வால்வைக் கழற்றிவிட்டு உலோக வால்வு போட்டுக்கொண்டேன். சென்சார் பத்து கிராம் இருந்தால் அதிகம். ஆனால் சக்கரம் வேகமெடுத்தால் அந்தப் பத்து கிராமே ரப்பர் தண்டை வெளிப்பக்கமாக இழுத்து வளைக்கும். நாள்பட அடியில் வெடிப்பு விழும். "ரப்பர்ல மாட்டுனீங்கன்னா ஒருநாள் நடுரோட்டுல மொத்தக் காத்தும் போயிரும் தம்பி" என்றார் கடைக்கார அண்ணன்.

இந்த வகை சென்சார் வால்வு ஊசியை அழுத்திக்கொண்டேதான் உட்காரும். ஆக, காற்றைத் தடுத்து நிற்பது இனி சென்சாருக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான். திருகி முடித்ததும் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தேன். முன்சக்கரம் சுத்தம். பின்சக்கரத்தில் மரையோரம் ஒரு குமிழி மெல்ல ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. கழற்றினால் வளையத்தில் மணல் துகள். துடைத்து மாட்டியதும் நின்றது.

பின் டயருக்கு, காலையில் வண்டி எடுக்கும் முன், காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்து 28 பி.எஸ்.ஐ. பிடித்தேன். சென்சார் அளவைக் காட்டும் திரையில் 27. சரி, ஒன்று முன்னப்பின்ன இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஊட்டியில் ராத்திரி தங்கி விடிகாலையில் பார்த்தால் திரையில் 25, கூடவே எச்சரிக்கை விளக்கு. கேஜிலோ முள் 28ஐத் தாண்டி நிற்கிறது. குமிழியும் இல்லை.

கணக்குப் போட்டதும் புரிந்தது. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் கேஜ் காட்டும். கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. இருக்கும் வெளிக்காற்று, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 11 சொச்சம்தான். குளிரில் டயருக்குள் குறைந்ததை இது ஈடுகட்டிவிடுகிறது. என் சென்சார் உள்ளிருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து, எந்த ஊரானாலும் 14.7ஐக் கழிக்கிறது, எண்கள் அப்படித்தான் பொருந்துகின்றன. கோவையே 400 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று 14. வீட்டில் ஒன்று குறைந்து காட்டியதும் இதனால்தான். திரையை நம்பி ஊட்டியில் 28 வரும்வரை காற்றடித்திருந்தால், கோவை வந்து டயர் ஆறியபின் 31 இருந்திருக்கும்.

அதனால் காற்று பிடிக்க கேஜ். போகிற வழியில் ஆணி ஏறி மளமளவென்று இறங்கினால் தெரிய திரை. மலைக்குக் கிளம்பும்போது எச்சரிக்கை அளவை 22க்கு இறக்கிவிடுகிறேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே சி.ஆர். 1632 பட்டன் பேட்டரி, நாமே மாற்றலாம். மழைக்காலத்தில் விட்டுவைத்தால் அலுமினிய மரையும் பித்தளை வால்வும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்; காற்று பிடிக்கும்போதெல்லாம் மரையைத் துடைத்துத் துளி கிரீஸ் வைக்கிறேன். திருட்டுக்குப் பயந்து கொடுத்திருக்கும் பூட்டு நட்டை மட்டும் போடவில்லை. பங்கில் பின்னால் நாலு வண்டி நிற்கும்போது யார் ஸ்பேனரைத் தேடுவது?