ராஸ்பெரி பை 4-இல் யூஎஸ்பி தொல்லை: சம்ப் மட்டக் கருவிக்காகச் செய்து பார்த்தவை

அமைப்பு பெங்களூரு வீடுகளுக்குப் பழகியதுதான். தரைக்கடியில் சம்ப் (தண்ணீர்த் தொட்டி), மாடியில் மேல்தொட்டி, இடையில் 1 எச்பி மோட்டார். காவிரித் தண்ணீர் எப்போது வந்தது, சம்ப் எவ்வளவு நிரம்பியது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைப் பதிந்து வைக்க ஒரு ராஸ்பெரி பை 4 (ஒரே போர்டில் அமைந்த சிறு கணினி). அதில் மூன்று யூஎஸ்பி கருவிகள்: பதிவுகளை வைக்க 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க், நீர்மட்டம் அளக்கும் ஆர்டுயினோ நானோ என்ற சிறு போர்டு (யூஎஸ்பியில் பேச சிஎச்340 சிப் வைத்தது), மோட்டாரின் கான்டாக்டரை (காயில் வைத்த பெரிய சுவிட்ச்) இயக்கும் ரிலேவுக்குக் கம்பியில்லாமல் கட்டளை அனுப்ப ஜிக்பீ ஸ்டிக். தனித்தனியாகச் செருகினால் மூன்றும் ஒழுங்காக ஓடும். சேர்த்துச் செருகினால் ஒன்று மாற்றி ஒன்று காணாமல் போகும்.

இந்த நிலையில் பலர் செய்வது ஓஎஸ்ஸை அழித்து மறுபடி ஏற்றுவது. அது நேர விரயம். முதலில் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையம்) சொல்லும் செய்திகளை உடனுக்குடன் காட்டும் 'டிமெசேஜ் -டபிள்யூ' ஓட்டித் திரையில் விட்டுவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். (கட்டளைகள் இங்கே ஒலிப்பில் உள்ளன, தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. 'டிமெசேஜ்' என்பது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்து.) வரும் எரர் எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. -110 என்றால் கருவி குறித்த நேரத்துக்குள் பதிலே சொல்லவில்லை. பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. -71 என்றால் பதில் சிதைந்து வந்தது; கேபிள், செருகும் முனை, சுற்றியிருக்கும் மின் இரைச்சல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். -32 என்றால் கேட்டதைக் கருவியே ஏற்க மறுத்தது. அப்போதுதான் டிரைவர் பக்கம் திரும்பலாம்.

இங்கே முதலில் வந்தது -110. அதனால் முதல் வேலை மின்சாரம்.

பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது 1.2 ஆம்பியர் மட்டுமே. 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். மீதிக் கருவிகளுக்கு என்ன மிஞ்சும்? போர்டும் முழு வேலைப்பளுவில் 1 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் போதாது. அது போர்டு வரை வந்து சேர வேண்டும். 28 கேஜ் (கம்பியின் தடிமன் எண்; எண் கூடினால் கம்பி மெல்லிசு) செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக வர இரண்டு கம்பி, ஆக 1 மீட்டர் கேபிளில் 0.42 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் கேபிளிலேயே போய்விடும், 5.1 வோல்ட் 4.26 ஆகிவிடும். பை எச்சரிக்கும் எல்லை 4.63 வோல்ட். அதே நீளத்துக்கு 24 கேஜ் என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான், 4.76-இல் நிற்கும். கேபிளின் மேலுறையில் '28ஏடபிள்யூஜி/1பி 24ஏடபிள்யூஜி/2சி' என்ற மாதிரி பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 1பி தரவுக் கம்பி, 2சி மின்கம்பி. 2சி-க்கு முன்னால் இருக்கும் எண்தான் முக்கியம். எதுவும் அச்சிடாத கேபிளை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது.

சரிபார்க்க 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு'. 0 வந்தால் சுத்தம். 50000 என்றால் போர்டு எழுந்ததிலிருந்து எப்போதோ வோல்ட் குறைந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் குறைவு. கேபிளை மாற்றிய பிறகும் 50000 மறையாது. ரீபூட் செய்தால்தான் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

24 கேஜ் கேபிளும் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வைத்த ஹப்பும் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) போட்டதும் -110 நின்றது. ஹப் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹப்பின் அடாப்டரை மட்டும் போட்டு, பையின் அடாப்டரைக் கழற்றி வைக்கவும். பையின் சிவப்பு விளக்கு எரிந்தால் ஹப் பின்வழியாகப் போர்டுக்குள் மின்சாரம் தள்ளுகிறது. அந்த ஹப் வேண்டாம்.

அடுத்து, டிஸ்க்கில் பெரிய கோப்பு எழுதும்போது மட்டும் உறைந்து, பதிவில் 'யூஏஎஸ்_இஎச்_அபார்ட்_ஹேண்ட்லர்' வரிகள். டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சாட்டா மாற்றி சிப்களில் சில யூஏஎஸ் முறையோடு (டிஸ்க்கோடு பேசும் புதிய, வேகமான முறை) ஒத்துப்போகாது. கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி'யில் டிஸ்க் பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு (உதாரணமாக 152டி:0578), '/பூட்/ஃபர்ம்வேர்/' உள்ளே இருக்கும் 'சிஎம்டிலைன்' கோப்பில் 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்=152டி:0578:யூ' என்று சேர்த்தால் பழைய முறைக்கு மாறும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரி; என்டர் தட்டினால் போர்டு எழாமல் போகலாம். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் டிஸ்க் நிலைத்து நிற்கும். 'எல்எஸ்யூஎஸ்பி -டி' காட்டும் மரத்தில் 5000எம் (யூஎஸ்பி 3 வேகம்) இருக்கிறதா என்றும் பார்க்கவும். நீலத் துளையில் (யூஎஸ்பி 3) இருந்தும் 480எம் என்றால் முனை முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது கேபிள் யூஎஸ்பி 2 வகை.

ஜிக்பீ ஸ்டிக்குக்குச் சிக்கல் வேறு. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழும். ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். கறுப்புத் துளையில் (யூஎஸ்பி 2) 1 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு டிஸ்க்கிலிருந்து தள்ளி வைத்தால் தீர்ந்தது.

கடினமானது கடைசியில் வந்ததுதான். மோட்டார் ஓடும்போது ஒன்றுமில்லை. நிற்கும் கணத்தில் மட்டும் நானோ துண்டித்துப் போகும். கெர்னல் பதிவில் 'டிசேபிள்டு பை ஹப் (இஎம்ஐ?), ரீ-எனேபிளிங்' என்று வரும். கெர்னலே மின்காந்த இரைச்சல் என்று ஊகித்துச் சொல்கிறது, அந்த ஊகம் இங்கே சரி. கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ரிலே அறுக்கும்போது பெரிய வோல்ட் குத்து எழும். அது பக்கத்தில் ஓடும் யூஎஸ்பி கேபிளில் ஏறுகிறது. வேரில் அடக்குவதே சரி: காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. கெப்பாசிட்டர் கண்டிப்பாக எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி. சாதாரண செராமிக்கை மெயின்ஸில் போடுவது தீக்கு வழி. எம்சிபியை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வைக்கவும். வீட்டு வயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். இவையும் கேபிளில் ஏறும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப்பும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். கிளிப்பைச் சும்மா மாட்டுவதைவிட, கேபிளை அதற்குள் இரண்டு மூன்று சுற்று விட்டு மாட்டினால் பலன் பல மடங்கு. யூஎஸ்பி கேபிளையும் மோட்டார் வயரையும் ஒரே குழாயில் விடக் கூடாது.

துண்டித்துத் திரும்பும் கருவி பெயர் மாறியும் வரும். 'டிடிஒய்யூஎஸ்பி0' என்ற பெயர் நானோவா ஜிக்பீயா என்பது எது முதலில் எழுந்தது என்பதைப் பொறுத்தது. நிரலில் '/டெவ்/சீரியல்/பை-ஐடி/' உள்ளே இருக்கும் பெயரைப் போடவும். ஆனால் சிஎச்340 பலவற்றில் வரிசை எண் கிடையாது; அப்படி இரண்டு போர்டு இருந்தால் பெயர் மோதும். அங்கே துளையைக் குறிக்கும் 'பை-பாத்' பெயர்தான் வழி, பிறகு துளை மாற்றிச் செருகக் கூடாது. உபுண்டு 22.04 ஏற்றியிருந்தால் சிஎச்340-ஐப் பிரெய்ல் கருவி என்று எண்ணி 'பிஆர்எல்டிடிஒய்' என்ற பிரெய்ல் மென்பொருள் பிடித்துக்கொள்ளும்; அந்தப் பொதியைத் தேவையில்லாதவர்கள் நீக்கலாம்.

மின்வெட்டுக்குப் பின் டிஸ்க் எழத் தாமதமானால் போர்டு பாதியில் நிற்காதிருக்க எந்த டிஸ்க்கை இணைப்பது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் 'நோஃபெயில்' சேர்த்தாயிற்று.

சம்ப் வரை யூஎஸ்பியை நீட்டுவது நல்லதல்ல. யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. நானோவைச் சம்ப் பக்கமே விட்டு, முறுக்கிய இணைக் கம்பியில் ஆர்எஸ்-485 (நீண்ட தூரத்துக்கான தரவு இணைப்பு முறை) வழியாகப் பையிடம் பேச வைப்பது அடுத்த மாற்றம். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நானோவுக்கு அங்கேயே தனி 5 வோல்ட்.