கழுத்து நரம்பு ஆபரேசனுக்கு எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறவுகளுக்கு

போன வாரம் கீழக்கரையில இருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. மகளுக்கு 24 வயசு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு (சுருக்கமா எம்.எஸ்., மூளை, தண்டுவட நரம்பத் தாக்குற வியாதி) கண்டுபிடிச்சு எட்டு மாசம் ஆகுதாம். கழுத்து நரம்புல பலூன் வச்சு அடைப்பு எடுத்தா சரியாயிரும்னு யாரோ சொல்லி, ரெண்டு ஆஸ்பத்திரி பேரும் பேக்கேஜ் ரேட்டும் அனுப்பியிருக்காக, "தம்பி நீங்க அக்காவுக்காக இதெல்லாம் அலைஞ்சு பாத்தவுகன்னு கேள்விப்பட்டேன், ரெண்டுல எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டாரு. போன்ல கொஞ்சம்தான் சொல்ல முடிஞ்சுச்சு, அதான் முழுசா எழுதுறேன்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். அக்காவுக்கு மொதல்ல ஒரு கண்ணு மங்குச்சு, ரெண்டு வாரத்துல தானா சரியாயிருச்சு, கண்ணாடி போடணும் போலன்னு விட்டுட்டோம். ஒன்றரை வருசம் கழிச்சு இடுப்புக்குக் கீழ மரத்துப்போய் கால் இழுக்க ஆரம்பிச்சப்பதான் மதுரைக்குப் போனோம், எம்.ஆர்.ஐ. எடுத்தாக, அஞ்சு நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏத்துனாக, அதுக்கப்புறம் இன்டர்ஃபெரான் ஊசி. அந்த ஊசிய ஃபிரிட்ஜுலயே வைக்கணும், ஆனா உறையவும் கூடாது. அப்பயெல்லாம் கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னே தெரியாது, மீன் கம்பெனியில இருந்து ஐஸ் வாங்கி தெர்மாகோல் பெட்டியில துண்டு சுத்தி வச்சுக் காப்பாத்துவோம். அவ்வளவு பாடுபட்டும் டாக்டர் சொன்னது "இது வியாதிய நிறுத்தாது, வேகத்தக் குறைக்கும்"னுதான். அந்த வார்த்தையோட வீட்டுல உக்காந்திருந்த நேரத்துலதான் 2011-ல துபாய்ல இருந்து சின்ன மாமா இந்த பலூன் வைத்தியம் பத்தி ஒரு வீடியோ அனுப்புனாரு.

இத்தாலியில ஃபெராரா யுனிவர்சிட்டியில பாவ்லோ ஜம்போனின்னு ஒரு ரத்தக்குழாய் சர்ஜன், அவர் மனைவிக்கே எம்.எஸ். இருந்துச்சு. மூளையில இருந்து ரத்தம் இறங்கி வர்ற கழுத்துச் சிரையும் நெஞ்சுல இருக்குற ஒரு சிரையும் சுருங்கியிருக்கு, அதுனால ரத்தம் தேங்கி மூளையில இரும்புச்சத்து படியுது, அதுதான் வியாதிக்குக் காரணமா இருக்கலாம்ங்கிறது அவர் கருத்து. 65 பேருக்கு பலூன் வச்சு விரிச்சுப் பாத்து 2009-ல வெளியிட்டாரு. கனடாவுல டிவியில வந்ததும் அங்க இருந்து ஆளுக போலந்து, மெக்சிகோ, கோஸ்டாரிக்கா, நம்ம நாட்டுக்குக்கூட பறந்து வந்தாக.

எங்க வீட்டுல அது உடனே மனசுல பதிஞ்சதுக்கு நம்ம பேச்சும் ஒரு காரணம்னு இப்ப தோணுது. ஊசி போடுற கை நரம்பும் நமக்கு நரம்புதான், மூளை நரம்பும் நரம்புதான். ஒண்ணு ரத்தம் ஓடுற குழாய், இன்னொண்ணு சேதி போற கம்பி மாதிரி, அந்தக் கம்பி மேல இருக்குற உறைய ஒடம்போட எதிர்ப்பு சக்தியே அரிக்கிறதுதான் எம்.எஸ். ஆனா அம்மாவுக்குக் கேட்டது "நரம்பு வியாதி, நரம்புல அடைப்பு, அடைப்ப எடுத்தாச் சரியாப்போகும்". இத விட தெளிவா என்ன வேணும்? அப்பா படகுல இருந்த பங்க வித்துரலாம்னு அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாரு.

மூணு ஆஸ்பத்திரி எடுத்து வச்சோம், ரெண்டு வெளிநாட்டுல, ஒண்ணு வடக்க. வெளிநாடுன்னா டிக்கெட்டோட 9 லட்சம் வரை வரும்னு கணக்கு. மீன் கணக்கு எழுதுற நோட்டுல பின்பக்கம் கேள்விய எழுதி ஒவ்வொண்ணா மெயில் அனுப்புனேன். வெறும் பலூனா, ஸ்டென்ட்டும் (குழாய விரிச்சே வச்சிருக்குற கம்பி வலை) வைப்பீங்களா? விரிச்ச குழாய் மறுபடி சுருங்குனா என்ன செய்வீங்க? (ஜம்போனி பண்ணதுலயே கழுத்துச் சிரை கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 18 மாசத்துக்குள்ள திரும்ப சுருங்கியிருந்துச்சு, அத முன்னாடியே படிச்சிருந்தேன்.) ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டா அதுக்கு அடிக்கடி டெஸ்ட் எடுக்கணுமே, ராமேஸ்வரம் தீவுல இருக்குறவுக நடுராத்திரி ரத்தக்கசிவு வந்தா யாருக்கு போன் பண்ணணும்? நீங்க செஞ்சவுகள்ல எத்தன பேர ஒரு வருசம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டுப் பாத்தீங்க?

எந்தெந்த ஏர்போர்ட்ல இறங்கணும், ரூம்ல டிவி உண்டா, கூட வர்றவுகளுக்கு சாப்பாடு உண்டாங்கிறதுக்கெல்லாம் அன்னைக்கே பதில் வந்துச்சு. கடைசிக் கேள்விக்கு மூணு பேருமே பதில் சொல்லல. ஒருத்தர் மட்டும் ஆபரேசன் முடிஞ்சவுக நடக்குற மாதிரி ஆறு வீடியோ அனுப்பி வச்சாரு.

மதுரை டாக்டர்கிட்ட கேட்டோம். மொத தடவ "வேணாம்மா"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டாரு, எனக்கு அப்ப பயங்கரக் கோவம், நம்ம நம்பிக்கைய இவரு ஏன் இப்படி முறிக்கிறாருன்னு. அடுத்த தடவ அக்காவே விடாம கேட்டதும் பேப்பர் எடுத்து படம் போட்டாரு. கழுத்துச் சிரை மெல்லிசு, படுத்தா விரியும், நிமிந்து உக்காந்தா தானா அமுங்கும், தண்ணி குடிச்சிருந்தா ஒரு மாதிரி, குடிக்காட்டி ஒரு மாதிரி, ஸ்கேன் பண்றவர் கைய கொஞ்சம் அழுத்துனாலே சுருங்கித் தெரியும்னாரு. ஸ்டென்ட் பத்தி அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கல. நெஞ்சு வலிக்கு வைக்கிற ஸ்டென்ட் போற குழாய், போகப்போகக் குறுகும், நழுவுனாலும் மாட்டிக்கும். கழுத்துச் சிரை இதயத்தப் பாத்து அகலமாயிட்டே போவுது, நழுவுனா நேரா இதயத்துக்குள்ளதான். அப்படி நழுவி நெஞ்சத் தொறந்து எடுக்க வேண்டி வந்த ஆளும் அமெரிக்காவுல இருந்தாக.

அன்னைக்கும் நாங்க வேணாம்னு முடிவெடுக்கல. முடிவெடுத்தது அக்கா. அந்த ஆறு வீடியோவையும் திரும்பத் திரும்பப் பாத்துட்டு ஒரு நாள் சொல்லுச்சு, "ஏன்டா, இவுக எல்லாரும் ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துலயேதானே நடக்குறாக, யாரும் வீட்டுக்குப் போய் எடுத்து அனுப்பலயே. ஏசி ரூம்ல அஞ்சு நாள் படுத்திருந்தா நானும்தான் இப்படி நடப்பேன்." எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அது நூத்துக்கு நூறு உண்மை. எம்.எஸ். இருக்குறவுகளுக்கு ஒடம்பு சூடானா எல்லாம் கூடும், மே மாசம் மத்தியானம் எங்க அக்காவால வாசப்படி தாண்ட முடியாது, வாடைக்காத்து அடிக்கிற மார்கழியில தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வரும். அது போக இந்த வியாதியே வந்து வந்து தணியிற வியாதி, ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் ஆளுக ஆஸ்பத்திரியத் தேடிப் போவாக, அதுக்கப்புறம் எப்படியும் கொஞ்சம் தணியும், பேரு ஆபரேசனுக்குப் போயிரும். அப்பா கேட்டுட்டே இருந்தவரு, "தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் மீன்பாட்ட வச்சு வருசக் கணக்குப் போட முடியுமா"ன்னாரு. மீன்பிடித் தடை முடிஞ்சு மொத நாள் போற படகுக்கு எப்பவுமே நல்ல பாடு வரும், எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். படகுப் பங்கு விக்கிற பேச்சு அதோட நின்னுச்சு. சின்ன மாமா மட்டும் ரெண்டு மாசம் எங்ககூட பேசல, அவருக்கு அவ்வளவு ஆச அக்கா நடக்கணும்னு.

அதுக்கப்புறம் வந்த செய்தியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து வச்சேன். 2012 மே மாசம் அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவியக் கண்காணிக்கிற அரசு அமைப்பு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு, சாவு, பக்கவாதம், ஸ்டென்ட் நகர்றது, ரத்தக்கட்டு எல்லாம் வந்திருக்குன்னு. 2013-ல கனடாக்காரங்க எம்.எஸ். உள்ளவுக, அவுக கூடப்பிறந்தவுக, சம்பந்தமே இல்லாத ஆளுகன்னு 177 பேரப் பாத்தா, மூணு கூட்டத்துலயும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குழாய் சுருக்கம் இருந்துச்சு. அப்ப வியாதியே இல்லாதவுகளுக்கும் இருக்குற சுருக்கத்துக்குத்தான் நாங்க படக விக்கப் பாத்தோம். 2017-ல அதே கனடாவுல 104 பேரு, பாதிப் பேருக்கு பலூன், பாதிப் பேருக்கு குழாய் மட்டும் விட்டு எடுக்குறது, யாருக்கு எதுன்னு அவுகளுக்கே தெரியாது. வித்தியாசம் இல்ல. அதே வருசம் ஜம்போனியும் இத்தாலியில அதே மாதிரி ஆய்வு நடத்தி முடிச்சாரு. பெரிய ஆபத்து வரல, ஆனா பலனும் இல்ல, எம்.எஸ்.க்கு இதப் பரிந்துரைக்க முடியாதுன்னு அவர் பேரு மொதல்ல இருக்குற கட்டுரையிலயே வந்துச்சு. மனைவிக்காக ஆரம்பிச்ச மனுசன் எட்டு வருசம் கழிச்சு அதத் தன் கையால எழுத வேண்டி வந்தத நெனைக்கும்போது எனக்கு அவர் மேல மரியாததான் வருது.

அக்கா குணமாயிருச்சுன்னு சொல்ல முடியாது. இப்ப கம்பு ஊண்டிதான் நடக்குது, தூரம்னா வீல்சேர். ஊசி மாத்தி நாலு வருசமா ரிட்டுக்சிமாப் போடுறோம், வேற வியாதிக்கு வந்த மருந்து, நம்ம நாட்டுல எம்.எஸ்.க்கும் நெறைய டாக்டருங்க குடுக்குறாக, அதுக்கப்புறம் புதுசா அட்டாக் வரல. படகுப் பங்கு அப்படியே இருந்ததாலதான் அந்த மருந்துக்கு காசு இருந்துச்சு.

அதுனால கீழக்கரை அண்ணே, ரெண்டுல எதுன்னு கேட்டீங்க, ரெண்டும் வேணாம். நாளைக்கு வேற ஏதாவது புது சிகிச்சை, ஸ்டெம் செல்லு அது இதுன்னு யாராவது வந்து சொன்னா, "இது ஆராய்ச்சியா, சி.டி.ஆர்.ஐ. பதிவு நம்பர் என்ன"ன்னு மொதல்ல கேளுங்க (சி.டி.ஆர்.ஐ.ங்கிறது நம்ம நாட்டு மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு). நம்ம நாட்டுல ஆளுக மேல புது மருந்து சோதிக்கிற ஆய்வ அங்க பதியணும்ங்கிறது 2009-ல இருந்து கட்டாயம், அதுல பாதிப்பு வந்தா வைத்தியச் செலவு அவுக பொறுப்புன்னு 2019 விதியில இருக்கு. பதிவு நம்பர் இல்லாம பேக்கேஜ் ரேட்டு மட்டும் சொன்னா போன வச்சிருங்க. மகளுக்கு ஊசிய இப்ப நிறுத்தாதீங்க, எட்டு மாசம்தான் ஆகுது, இந்த நேரத்துல மருந்து போடுறதுதான் ரொம்ப முக்கியம். 2016 சட்டத்துல எம்.எஸ்.ஸையும் மாற்றுத்திறன் பட்டியல்ல சேத்துட்டாக, ராமநாதபுரம் ஜி.எச்.ல சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுங்க, கால் நல்லா இருக்கும்போதே குடுத்து வைங்க, அலைய முடியாமப் போனப்புறம் கஷ்டம். வீட்டுல ஒரு ரூமுக்காவது ஏசி போட முடிஞ்சா போடுங்க, இல்லாட்டி ஈரத்துண்டு கழுத்துல போட்டுக்கச் சொல்லுங்க, எங்க அக்கா கோடை பூரா அதுலதான் ஓட்டுது.

நேத்து அக்காகிட்ட உங்க மக நம்பரக் குடுத்தேன். சாயங்காலம் வெயில் இறங்குனதும் திண்ணையில உக்காந்து கூப்பிட்டுச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல பேசுனாக. என்னத்த பேசுனீங்கன்னு கேட்டேன், "அது பி.எட். படிக்குதாம்டா, பரீட்சை ஏப்ரல்ல இருக்காம், வெயில்ல எப்படிப் போய் எழுதுறதுன்னு கேக்குது"ன்னு சொல்லிட்டு, ஐஸ் பெட்டிய எங்க வச்சன்னு தேட ஆரம்பிச்சிருச்சு.