பொதபொத, கணீர், கிலுகிலு

நவம்பர் 3, 2025

பழைய ரெண்டு ஸ்ட்ரோக் பைக் ஐந்தாவது உதையில் பிடித்தது. சேம்பர் பைப் (வயிறு பெருத்த ரேஸ் சைலன்சர்) போட்ட பிறகு இன்றுதான் முதல் முறை. சிலிண்டரின் போர்ட் துளைகளைக் குடைந்தாயிற்று. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கம்பெனி கார்பைக் கழற்றி 26 மிமீ மிக்குனி கார்ப் ஏற்றியாயிற்று. ஏர் பாக்ஸ் பரணுக்குப் போய், அந்த இடத்தில் ஒரு கூம்பு ஃபில்டர். ஐடிலில் அணையாமல் நிற்கிறது. கால்வாசி திராட்டிலில் மட்டும் ஒரு விக்கல்.

பெட்ரோல் போகும் துளைகள், அதாவது ஜெட்டுகள்: பைலட் 25, மெயின் 140. எண் கூடினால் பெட்ரோல் கூடும். நீடில் கிளிப் நடுக்காடியில். ஏர் ஸ்க்ரூ முழுக்க இறுக்கி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். முன்பெல்லாம் எழுதியதில்லை, காது வைத்திருந்தது கணக்கை.

இட்லிக்குப் பிறகு காதுக்கான மாத்திரை ஆறு.

நவம்பர் 4

அப்படியேதான்.

நவம்பர் 6

பெட்ரோல் குறைந்து ஓடும் ரெண்டு ஸ்ட்ரோக் எப்படிக் கத்தும் என்று இருபது வருஷமாக எனக்குத் தெரியும். பெட்ரோல் கூடினால் பொதபொதவென்று இருமும். இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும், நாலு ஸ்ட்ரோக் வண்டி மாதிரி. குறைந்தால் சத்தம் மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்து வண்டி பிரமாதமாக இழுக்கும், ஆளை ஏமாற்றுவதே அதுதான். இன்னும் முறுக்கினால் சிலிண்டருக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குகிற மாதிரி ஒரு கிலுகிலு. அப்போதும் கையை எடுக்காவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இடது காதில் போனது மேல் ஸ்தாயி. கிலுகிலு குடியிருக்கிற அதே தெரு. அங்கே இப்போது இருபத்து நாலு மணி நேரமும் ஒரு ஈஈஈ. வலது காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அடைத்துக்கொண்டுதான் வண்டிக்குப் பக்கத்திலேயே போக வேண்டும், மிச்சமிருப்பது அது ஒன்றுதானே என்றார் டாக்டர். நியாயம்தான்.

இன்று சாயங்காலம் அரை திராட்டிலில் வைத்துக் கேட்டேன். ஈஈஈ. கலவை லீனா, அதாவது பெட்ரோல் குறைவா என்று சந்தேகம். காற்றைக் குறைக்க ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விட்டேன். ஈஈஈ. இன்னும் கால் சுற்று. சாவியை அணைத்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. ஈஈஈ நிற்கவில்லை.

ஸ்க்ரூவை மறுபடி ஒன்றரைக்கே கொண்டுவந்துவிட்டுக் கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 8

திராட்டிலை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் தொங்குகிறது என்று மகள் பாப்பாதான் சொன்னாள். கேட்டுக்குப் பக்கத்தில், தூரத்தில் நிற்க வைத்திருந்தேன். "நீங்க கைய எடுத்துட்டீங்க, அது இன்னும் ஓடிட்டே இருக்குங்ப்பா." அப்படியென்றால் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. கார்பை எஞ்சினோடு இணைக்கிற இன்டேக் ரப்பரைச் சுற்றி கார்ப் கிளீனரை அடித்ததும் ஐடில் மாறியது. ரப்பருக்கு அடிப்பக்கம் முடி அளவு வெடிப்பு. கிராங்க் ஆயில் சீல் இல்லை என்பதே பெரிய நிம்மதி. அதுவாக இருந்திருந்தால் எஞ்சினிலேயே கை வைத்திருக்க வேண்டும்.

காந்திபுரத்தில் புது ரப்பர் கிடைத்தது. விலை சொன்ன கடைக்காரரிடம் இரண்டு முறை "எவ்வளவு?" என்றேன். மூன்றாவது முறை கால்குலேட்டரில் அடித்துக் காட்டினார்.

நவம்பர் 9

ஞாயிறு. ஐந்தரை மணிக்குத் தொண்டாமுத்தூர் ரோட்டில். கலவை சரியா என்று நிறம் காட்ட ஒரு புது பிளக். நாலாவது கியர், முழு திராட்டில், மனசுக்குள் எட்டு வரை எண்ணி, கிளட்சைப் பிடித்து அந்தக் கணமே சாவியை அணைத்து, உருண்டு ஓரங்கட்டுவது. ஐடிலில் வீடு வரை ஓட்டி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பவர்கள் ஐடிலின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பிளக் எலும்பு மாதிரி வெள்ளை, பெட்ரோல் போதவில்லை. 140-க்கு இப்படி வெளுக்குமா?

வலது காதில் அடைப்பான், இடதில் ஈஈஈ. எஞ்சினை முட்டியில்தான் கேட்டேன். டேங்கை இறுக்கிப் பிடித்தால் பொதபொத தொடை வரை வருகிறது. கிலுகிலு வரவில்லை. இல்லாததால் வரவில்லையா, முட்டிக்கு அது கேட்காதா, எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 10

தூக்கம் இல்லை. மாத்திரை வேலை.

நவம்பர் 12

இரண்டாவது ஆடியோகிராம். அந்தச் சின்ன அறை, கனமான ஹெட்ஃபோன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்டபோது அழுத்தினேன். கேட்ட மாதிரி இருந்தபோதும் அழுத்தினேன். கடைசியில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மூன்று நாலு தடவை அழுத்தினேன். வெளியே வந்தால் கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் முகத்தில் மகிழ்ச்சி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது பக்கம். முழுக்க வலது. அதில் பொய் சொல்ல வழியில்லை.

நவம்பர் 14

ஜெட்டைக் குடைந்திருக்கிறார்கள்!

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 140 என்று அச்சு பளிச்சென்று இருக்கிறது. உள்ளே துளைச் சுவரில் திருகிய தடம். எனக்கு முன்னால் இந்தக் கார்பை வைத்திருந்த யாரோ ஒரு மகராசன் கம்பி விட்டுக் குடைந்திருக்கிறார். மிக்குனியின் அறுகோண ஜெட்டில் எண் என்பது விட்டம் அல்ல, பெட்ரோல் ஓடும் அளவு. குடைந்த பிறகு அது 148-ஆ 155-ஆ, யாருக்கும் தெரியாது. அப்படிக் குடைந்தும் வெள்ளை அடித்தது என்றால் நான் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. 150, 160, 170 மூன்றும் ஆர்டர் போட்டாயிற்று.

எண்ணை நம்பித்தானே இந்த நோட்டையே ஆரம்பித்தேன்.

நவம்பர் 16

மழை. கூரியர் வரவில்லை.

லேத் அண்ணன் வந்து பிளக்கைப் பார்த்துவிட்டு, "இப்படி வெளுத்துக் கெடக்குது, ஆயில சேத்தி ஊத்துங்க தம்பி" என்றார். கோயம்புத்தூரில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். ஆயில் பம்பை எடுத்துவிட்டு லிட்டருக்கு 30 மில்லி டேங்கிலேயே கலக்கிறேன். அதை 50 ஆக்கினால் அதே துளை வழியாகப் போவதில் ஆயில் கூடும், பெட்ரோல் குறையும். உராய்வுக்கு நல்லது, கலவை இன்னும் மெலியும். சொன்னேன். அவர் ஏதோ பதில் சொன்னார். இடது பக்கம் நின்றிருந்தார். தலையாட்டி வைத்தேன்.

போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால். வெறும் பெட்ரோல் ஒரு கிலோவுக்குக் காற்று 14.7 கிலோ வேண்டும். இதற்கு 13.5 பக்கம் போதும், எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு அந்தக் கால மெக்கானிக்குகள் சொன்ன ஜெட் எண்களெல்லாம் வேறொரு பெட்ரோலுக்குச் சொன்னது.

மழை ஓடுகளில் விழுவது ஒரு பக்கம் மட்டும்தான் விழுகிறது.

நவம்பர் 19

ஜெட் வந்துவிட்டது. 170: முக்கால் திராட்டிலுக்கு மேல் எருமை மாதிரி இருமல். முட்டிக்கே கேட்டது. நல்லது, எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தது. கூடுதலிலிருந்து இறங்கி வருவதுதான் முறை. குறைவிலிருந்து ஏறினால் வழியில் ஒரு பிஸ்டன் செலவு.

160 போட்டேன். பாப்பாவுக்கும் எனக்கும் இப்போது ஒரு பாஷை உண்டு. கேட்டில் நின்றபடி கையைக் காட்டுவாள். உள்ளங்கை கீழே என்றால் பொதபொத. கட்டை விரல் என்றால் கணீர். விரல்களை உதறினால் கிலுகிலு. இதுவரை உதறியதில்லை.

இன்று கட்டை விரல். பிறகு உள்ளங்கையைப் பாதி சாய்த்துக் காட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்றால் "கணீர்தான், ஆனா சளி புடிச்ச கணீர்" என்கிறாள். ட்யூனர்கள் யாரும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நவம்பர் 20

மாத்திரை நாலாகக் குறைந்தது.

நவம்பர் 21

ராத்திரி மூன்று மணி. சாப்பாட்டு மேசையில் நியூஸ்பேப்பர் விரித்து கார்பின் ஃப்ளோட் (மிதவை) உயரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து வந்து லைட்டைப் போட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து, பிறகு எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "எப்ப ஓட்டி முடிப்பீங்க?" என்றாள். ட்யூனிங் முடிந்ததும் என்றேன். அது எப்போதும் முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

நவம்பர் 23

160-ல் பிளக் சாப், அன்றைய அதே சோதனை. கருப்பட்டி நிறம்!! அடியில் புகை வளையம் மெல்லிசாக. மெயின் ஜெட்டை இனி தொடமாட்டேன்.

கால் திராட்டில் விக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது. அது மெயின் அல்ல, நடுத்திராட்டிலில் பெட்ரோலை அளக்கிற ஊசியின், நீடிலின் விவகாரம். கிளிப்பை ஒரு காடி இறக்கினால் நீடில் உயரும், அந்த இடத்தில் மட்டும் பெட்ரோல் கூடும்.

நவம்பர் 24

மூன்றாவது ஆடியோகிராம். நிச்சயமாகக் கேட்டால் மட்டும் அழுத்தினேன். கோடு முதல் நாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போன தடவை என்ன ஆயிற்று என்று டாக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார். சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நிறைய பேர் செய்வதுதானாம்.

அடுத்தது செவிப்பறை வழியாக ஊசி. நாளை காலை ஏழரைக்கு.

நவம்பர் 25

ஆறு மணி. கிளம்புவதற்குள் கிளிப்பை மட்டும் இறக்கிவிடலாம் என்று நீடில் தொங்குகிற ஸ்லைடை வெளியே எடுத்தேன். நாலாவது காடி. பாப்பா இன்னும் எழவில்லை. அவள் எழுந்து கேட்டில் நின்றால்தான்