புள்ளி வைத்த ஆங்கிலம்

ஜூன் 3

சின்னவளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆங்கில எழுத்து 26-ஐயும் ராகம் போட்டு ஒப்பிப்பாள். அதை நம்பி இன்று பி, ஐ, என் என்று மூன்று மர எழுத்துகளைத் தரையில் வரிசையாக வைத்து, "படி கண்ணு" என்றேன். "பீ, ஐ, என்" என்றாள். சேர்த்துச் சொல் என்றதும் "பீயையென்" என்று பெருமையாகப் பார்த்தாள்.

அவள்மேல் தப்பே இல்லை. நான் கொடுத்ததைத்தான் சேர்த்தாள். எழுத்துக்குப் பெயர் ஒன்று, ஒலி வேறொன்று என்று நான் சொல்லவே இல்லையே. இன்னொன்றும் இன்றுதான் தெரிந்தது: எல், எம், என், ஓ நான்கும் சேர்ந்து அவளுக்கு 'எலமெனோ' என்ற ஒரே எழுத்து.

ஜூன் 5

எழுத்துப் பெயர்களை மூட்டை கட்டிவிட்டோம். இனி ஒலி மட்டும்தான். அகர வரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்குவது ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் முறை, சொல்லித்தருபவர்களிடம் பரவலாக இருக்கும் பழக்கம். காரணம் எளிது. இந்த ஆறு தெரிந்தாலே ஸிட், பின், டிப், டின், ஸிப் என்று சொற்களைக் கட்டத் தொடங்கிவிடலாம். 26-ம் முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு அலுத்துவிடும்.

ஜூன் 9

நான்கு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றோம். நான் "ப... இ... ன" என்பேன், அவள் "பயின" என்பாள். இன்னும் வேகமாகச் சொல்லு என்றால் வேகமாக "பயின". இரண்டு பேருக்கும் எரிச்சல்.

இன்று மாலைதான் உறைத்தது. இல்லாத ஓர் 'அ'வை ஒவ்வொரு எழுத்தின் வாலிலும் ஒட்டவைத்தது நான்தான். அந்த 'அ'வைக் கழித்துவிட்டுச் சேர் என்றால் ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யும்? ஆனால் அதைக் கழிக்கும் வழி அவளிடமே இருந்தது. தமிழில் க் வேறு, க வேறு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு தாளில் பின் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் தலையில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன்.

"ப்" என்றாள். உதடு மூடித் திறந்தது, அவ்வளவுதான். "இ." ஒரு நொடி நின்றாள். "ப், இ, பி! பி... ன். பின்!"

ப் + இ = பி என்பது அவள் தினமும் சொல்வதுதானே. நான்தான் இரண்டு மொழியையும் இரண்டு அறையில் பூட்டி வைத்திருந்தேன்.

அப்புறம் தாளை உற்றுப் பார்த்துவிட்டு நடு எழுத்தைத் தொட்டாள். "அப்பா, இதுக்கு மேலயும் புள்ளி இருக்கே. அப்ப இதுவும் மெய்யா?" பதில் இல்லை. அது ஆங்கிலப் புள்ளி, கணக்கில் வராது என்று சமாளித்தேன். நம்பவில்லை.

ஜூன் 10

காலையில் பல் துலக்கிக்கொண்டே "டி, ன், டின்" என்றாள். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 14

ஸிப் சட்டென்று வருகிறது, டிப் தடுக்குகிறது. ஸ், ம், ன் எல்லாம் மூச்சு உள்ளவரை இழுக்கக்கூடிய ஒலிகள். ஸ்ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டே போய் அடுத்த ஒலியில் வழுக்கி விழுந்துவிடலாம். ப், ட், க் அப்படியில்லை, வெடித்தவுடன் காலி. இழுக்கப் பார்த்தால் அந்தப் பாழாய்ப்போன 'அ' திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த வாரம் இழுக்கும் ஒலியில் தொடங்கும் சொற்கள் மட்டும்.

ஜூன் 18

மூன்று கட்டம் வரைந்து, சட்டைப் பொத்தான் மூன்றைக் கொடுத்தேன். சொல்லைக் கேட்டு, ஒலிக்கு ஒரு பொத்தானாகக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரில் வழங்கும் முறை இது. எழுத்தே வேண்டாம், காது போதும்.

"ஸிட்" என்றேன். இரண்டு பொத்தானைத் தள்ளினாள்: "ஸி, ட்." மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்றாள்.

நியாயம்தான். தமிழ் எழுதுகிறவர் யாருக்கும் ஸி ஒரே எழுத்து. பிள்ளை அதை ஒன்றாகத்தான் கேட்கும். புள்ளி உதவிய இடத்தில் உயிர்மெய் வந்து குறுக்கே நிற்கிறது. கண்ணாடி முன் நிற்கவைத்து, ஸ்ஸ் என்று பல்லைக் காட்டிவிட்டு இ என்று இழுக்கச் சொன்னேன். மூன்றாவது பொத்தான் இன்று அரை மனதாகத்தான் நகர்ந்தது.

ஜூன் 23

படப் புத்தகத்தில் மீன் படம், கீழே ஃபின் என்று அச்சடித்திருந்தது. "ஃபிஷ்" என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். முதல் ஒலியைப் பார்த்தாள், மிச்சத்தைப் படத்திடம் கேட்டுக்கொண்டாள். பார்ப்பவர்கள் "அட, படிக்கிறாளே!" என்பார்கள். எனக்கு இந்த ஊகம் பிடிக்கவில்லை. படம் இல்லாத பக்கம் வரும்போது கைவிட்டுவிடும்.

அதனால் பொருளில்லாத சொற்களைக் கொடுத்தேன்: நிஸ், டிஸ், பாஸ்ப். ஊகிக்க அங்கே ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையிலும் 40 சொற்களில் 20 இப்படிப் பொய்ச்சொற்கள்தான். இவளுக்கு நிஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. கரடிப் பொம்மைக்கு இப்போது அதுதான் பெயர்.

ஜூன் 27

தமிழில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். 'மரம்' என்பதை "மாம்" என்று வாசித்தாள். விரலை வைத்துக் காட்டச் சொன்னபோதுதான் புரிந்தது: ர அவள் கண்ணுக்குத் துணைக்கால். அச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் அடியில் ஒரு சின்னக் கீற்றுதான். நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை.

கொம்பும் படுத்துகிறது. கெ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒலித்துக்கொண்டே வா என்று ஆங்கிலத்துக்குச் சொன்ன விதி இங்கே கவிழ்ந்துவிட்டது. கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுச் சொல் என்று மாற்றினேன். 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் தனித்தனியாக உட்கார்ந்து பழக வேண்டியது கு, டு, மு, கூ, டூ, மூ கூட்டம்தான். மற்றவை பெரும்பாலும் குறி தெரிந்தால் வந்துவிடும்.

ஜூலை 1

"தம்பி" என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். "இது பின்ல வர்ற பிதானே? இங்க ஏன் வேற மாதிரி சொல்றோம்?"

பக்கத்தில் ம் நிற்கிறதே, அதனால் பி கொஞ்சம் மெலிந்துவிட்டது என்றேன். "பாவம்" என்றாள்.

ஜூலை 4

காய்ச்சல். படிக்கவில்லை.

ஜூலை 8

பெரியவன் கையில் ஒரு தாளோடு வந்தான். அவன் தினமும் அவள் பொம்மைகளைக் கலைப்பதால் அறை வாசலில் ஒட்டிவைத்திருக்கிறாள். ஸ்டாப் என்று எழுத நினைத்திருக்கிறாள். எஸ், டி, பி மூன்று எழுத்து மட்டும்தான் இருந்தது, மூன்றின் தலையிலும் சிவப்புப் புள்ளி.

"நடுவுல ஒரு உயிர் வரணுமே கண்ணு, காணோமே?"

"அது இன்னும் நீ சொல்லித்தரலையே" என்றாள். "ஆனா அண்ணன் நின்னுட்டான்ல?"