நிற்கத் தெரியும், இருக்கத் தெரியாது

எங்கள் வீட்டுக் குழந்தை குட்டியன் நிற்கப் பழகிவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், இனிப்புக்கூட வாங்கியாயிற்று. சிக்கல் என்னவென்றால், எழும்பத் தெரிந்தவனுக்குத் திரும்ப இருக்க, அதாவது உட்கார, தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எழும்புவான். ஒத்திவைப்புப் பிரேரணையில் பேச எழுந்த பாராளுமன்ற உறுப்பினரைப் போல நாலாபுறமும் ஒரு பார்வை பார்ப்பான். பிறகு இறங்க வழி தெரியாமல் அலறுவான். யாராவது ஓடிப்போய் இருத்திவிட்டால், கை எடுப்பதற்குள் மறுபடி எழும்பிவிடுவான். பகலில் நடந்தால் இதுவும் ஒரு விளையாட்டுத்தான். ஆனால் அவன் பயிற்சிக்கென்று தெரிந்தெடுத்திருக்கும் நேரம் இரவு இரண்டு மணி.

மச்சாளிடம் இதற்கு ஆதாரத்தோடு விளக்கம் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் அனாட் ஷெர் என்றோர் ஆய்வாளர். குழந்தைகள் தவழத் தொடங்கும் காலத்தில் இரவில் வழமையைவிடக் கூடுதலாக விழித்துக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டிருக்கிறாராம். "இது வளர்ச்சி, அக்கா" என்று கண்ணைத் திறக்காமலே மச்சாள் சொன்னாள். வளர்ச்சி அவனுக்கு. காலையில் கந்தோருக்குப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டியவள் நான்.

அப்பாவுக்கு வேறொரு சந்தேகம். "தவழ்ந்துகொண்டிருக்கும்போது அழகாக இருக்கத் தெரிந்த பிள்ளைக்கு, நிற்கும்போது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?" ஓய்வுபெற்ற பிறகும் தமிழாசிரியர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. இதற்கும் மச்சாள் நியூயோர்க்கிலிருந்து ஆள் கொண்டுவந்தாள். கேரன் அடொல்ஃப் என்ற உளவியலாளர் குழந்தைகளைச் சரிவுப் பலகைகளில் விட்டுப் பார்த்தவர். தவழ்ந்து பழகிய பிள்ளை, செங்குத்தான சரிவைக் கண்டால் இறங்காமல் நிற்கப் பழகிவிடுகிறது. அதே பிள்ளை நடக்கத் தொடங்கியதும், அந்த எச்சரிக்கையெல்லாம் போய், அதே சரிவில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறது. ஒரு நிலையில் படித்தது அடுத்த நிலைக்குக் கூட வருவதில்லை, முதலிலிருந்து படிக்க வேண்டும். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, தம்பியும் பத்தாம் வகுப்பில் இப்படித்தான் இருந்தான் என்றார்.

வீட்டில் உண்மையான கொடுமை பகல் உறக்கத்தில்தான் தொடங்கியது. ஷெரும் சாரா பெர்கர் என்ற நியூயோர்க் ஆய்வாளரும் சேர்ந்து, புதிதாக நடக்கத் தொடங்கிய பிள்ளைகளை ஒரு சுரங்கக் கூட்டுக்குள் தவழ்ந்து வெளியேறப் பழக்கினார்கள். நடக்கத் தெரிந்த பெருமையில் இருப்பவர்களைத் திரும்ப முழங்காலில் போகச் சொன்னால் சும்மாவா? அதற்குப் பிறகு சிலரை உறங்க விட்டார்கள், சிலரை விழித்திருக்க வைத்தார்கள். மறுபடி சுரங்கத்தின் முன்னால் விட்டபோது, உறங்கி எழுந்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். 2017இல் வெளியான இந்த ஆய்வு எங்கள் வீட்டில் அரசியலமைப்பாகிவிட்டது. குட்டியன் எழும்பி விழுந்து பயிற்சி செய்து முடித்து ஏணைக்குள் போனால், அதன் பிறகு ஒரு சத்தமும் கூடாது. அழைப்புமணியில் பஞ்சு அடைத்தாயிற்று. குக்கர் விசில் தடை. கடுகு வெடிக்கும் என்பதால் சொதிக்குத் தாளிதம் கிடையாது. தாளிக்காத சொதியை எத்தனை நாளைக்குத்தான் சாப்பிடுவது?

ஆனால் கொழும்பில் வெள்ளவத்தையை யார் அடக்குவது? ஒரு பக்கம் காலி வீதியில் ஹோர்ன், மறு பக்கம் கடற்கரையோர ரயில். இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டபடி வரும் பாண்கார ஓட்டோ. தம்பி கீழே இறங்கிப்போய், எங்கள் வாசலில் மட்டும் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். பாண்காரர் நல்ல மனிதர். பாட்டை நிறுத்திவிட்டு, "பாண்! பாண்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஏணைக்குள் பிள்ளை உறங்கும்போது விரல் துடிக்கும், கால் வெட்டி இழுக்கும், வாய் கோணும். நரி வெருட்டுகிறது என்று அம்மா திருநீற்றோடு வருவாள். நரியில்லை என்கிறாள் மச்சாள். அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் மார்க் பிளம்பர்க் என்பவர் எலிக்குஞ்சுகளில் தொடங்கி மனிதக் குழந்தைகள்வரை இந்தத் துடிப்பைக் கவனித்திருக்கிறாராம். உறக்கத்தில் ஒரு கை துடித்தால், அந்த அசைவின் செய்தி மூளைக்குப் போகிறது. எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று மூளை தன் உடம்பை அப்படித்தான் படித்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுத் திருநீற்றைப் பூசினாள்.

அப்பா மட்டும் இரு கட்சியிலும் சேரவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்கிறார். 5ஆம் மாதம் செங்கீரை, கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. 9ஆம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. 13ஆம் மாதம் வருகை, தளர்நடை போட்டு வருவது. செங்கீரைக்கும் சப்பாணிக்கும் நடுவில் 7ஆம் மாதத்தில் என்ன? தால், தாலாட்டு. "இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் உறக்கத்தை வைத்தானே, அவன் மடையனா?" இதை மறுக்க என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. மறுக்க மனமும் வரவில்லை.

லண்டன் சித்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தன் பேரன் ஒன்பது மாதத்தில் நடந்துவிட்டான் என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறாள். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியே நடப்பது 8.2 மாதத்திலும் தொடங்கலாம், 17.6 மாதத்திலும் தொடங்கலாம். இதை நான் சித்திக்கு அனுப்பினேன். "ஓம், எங்கள் பிள்ளை முன்வரிசை" என்று பதில் வந்தது.

நேற்றிரவுதான் விஷயம் எல்லை மீறியது. மேல்மாடி அன்ரி லிஃப்டில் வைத்து, "இதற்குள் எழும்பி நிற்கிறானா!" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? இரவு மூன்று மணிக்குக் குட்டியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதற, அம்மா எழும்பிப் பழைய தாச்சியில் சிரட்டைத் தணல் போட்டாள். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எல்லாவற்றையும் பிள்ளையின் தலையைச் சுற்றிப் போட்டாள். (அந்தக் கடுகு வெடிக்கலாம், அதற்குத் தடையில்லை.) நெடி எழும்பினால் நாவூறு இல்லை என்பது சாத்திரம். எழும்பியது. வீட்டுக்குள் நிற்க முடியாமல் தம்பி முன்கதவைத் திறந்தான். புகை நடைபாதைக்குப் போய், எச்சரிக்கைக் கருவியைத் தேடிப் பிடித்தது.

அந்த அலாரம் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அடித்ததில்லை. வேலை செய்கிறதா என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வேலை செய்கிறது. லிஃப்ட் நின்றது. எட்டு மாடியும் சாரத்தோடும் இரவு உடுப்போடும் படியில் இறங்கியது. ஒருவர் மீன்தொட்டியைத் தூக்கி வந்தார். இறங்கிய தமிழர்களில் பாதிப்பேர் கையில் ஒரு பை இருந்தது. வீட்டு உறுதி, பாஸ்போர்ட், அடையாள அட்டை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அப்பாவின் பையும் கதவருகே ஆணியில்தான் தொங்குகிறது. அவர் அதை எடுத்த வேகத்தைப் பார்த்தபோது, சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை அமளியிலும் தம்பியின் தோளில் ஒருவர் உறங்கிவிட்டார். ஆம், அவர்தான். காலை எட்டுமணிவரை அசையவில்லை. எழும்பியதும் கம்பியைப் பிடித்து நின்றார், முழங்காலை மெல்ல மடித்தார், பொத்தென்று இருந்தார். பிறகு தன் கையைத் தானே தட்டிக்கொண்டார். மிளகாய்தான் என்றாள் அம்மா. உறக்கம்தான் என்றாள் மச்சாள். சப்பாணி என்றார் அப்பா. அலாரத்துக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

மாலையில் நிர்வாகக் குழுத் தலைவர் கடிதத்தோடு வந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், சிங்களவர், சிரித்து நான் பார்த்ததில்லை. கடிதத்தில் அபராதத் தொகையும் அடிக்கோடும் இருந்தன. அவர் அதை வாசித்து விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போதே குட்டியன் தவழ்ந்துபோய் அவருடைய காற்சட்டையைப் பிடித்து எழும்பினான். மனிதர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தன் மகளின் பிள்ளையும் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள், நாளெல்லாம் விழுகிறாள், இரவில் ஒருவரையும் உறங்க விடுவதில்லை என்றார். மச்சாள் ஆறுதலாக, அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2368 அடி எடுத்துவைத்து 17 தடவை விழுவார்கள், அடொல்ஃப் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்றாள். அவர் முகத்தில் ஆறுதல் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் அம்மாவிடம் கேட்டார்: "எத்தனை மிளகாய், அம்மா?"

அம்மா ஒரு சரையில் செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எல்லாம் சுற்றிக் கொடுத்தாள். பல்கனிக் கதவைத் திறந்து, முன்கதவைப் பூட்டிவிட்டுப் போடச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். நான் சிங்களத்தில் சொன்னேன். அபராதத்தைக் கட்ட வேண்டுமா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடிதத்தைக் குட்டியன் தின்றுகொண்டிருக்கிறான்.