வார்டுல கேட்டதும் ஃபார்ம்ல எழுதினதும்

சென்னையில கேன்சர் ரெஜிஸ்ட்ரிக்கு, அதாவது யாருக்கு எந்த கேன்சர் வந்துச்சுன்னு கணக்கு வைக்குற பதிவேட்டுக்கு, டேட்டா எடுக்குற வேலை, ஒன்பது வருஷம் பார்த்தேன். ஆஸ்பத்திரிங்க தானா அனுப்பிடும்னு உக்காந்திருக்க முடியாது அப்போ, நாமதான் ஒவ்வொரு இடமா போய் கேஸ் ஷீட், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் பார்த்து எழுத வேண்டியிருந்துச்சு, மாநகராட்சி இறப்புப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியிருந்துச்சு.

சேர்ந்த புதுசுல பதிவுல வர்ற நம்பர் நோய் எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் காட்டும்னு நெனச்சேன். 2012-16 தேசிய ரிப்போர்ட்ல, வயசு வித்தியாசத்தை சரிக்கட்டி பார்த்தா மிசோரம் தலைநகர் ஐஸால் பக்கம் ஆம்பளைங்கள்ல வருஷத்துக்கு லட்சத்துல 269 பேருக்கு புதுசா கேன்சர், மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத்-பீட் பக்கம் வெறும் 39தான். ஐஸால்ல புகையிலை ரொம்ப அதிகம், புகையிலைப் புகையை தண்ணியில இறக்கி அதையே வாயில வச்சுக்குற பழக்கம்கூட உண்டு, அதனால அந்த வித்தியாசம் நிஜம்தான். ஆனா எல்லா வித்தியாசமும் அப்படி இல்ல. குழந்தைங்க கேன்சர்ல டெல்லி பதிவுல பையனுங்க பங்கு சென்னையை விட கூட வரும். அங்க பொண்ணுங்களுக்கு வர்றதில்லையா, இல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டு வர்றதில்லையா? எனக்கு ரெண்டாவதுதான்னு தோணும்.

அப்படி தோண வச்சது ஒரு அம்மா. வயசு 52, கர்ப்பப்பை வாய் புற்று, மூணாவது ஸ்டேஜ். எத்தனை நாளா இருக்குமான்னு கேட்டேன். "ஒரு வருஷம் இருக்கும் கண்ணு, நின்னு போன தீட்டு திரும்ப வந்துடுச்சுன்னு நெனச்சேன், உடம்பு நல்லா ஆயிட்டு வருதுன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு"ன்னாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லவே இல்ல, பக்கத்து வீட்டு அக்காதான் துணி பார்த்துட்டு இழுத்துட்டு வந்திருக்காங்க. எதிர் வார்டுல வாய் புற்று ஆம்பளைங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஃபைலை மடியில வச்சுக்கிட்டு பொண்டாட்டி இருப்பாங்க, இந்தப் பக்கம் தங்கச்சி, மக, இல்லன்னா யாருமே இல்ல. ஃபார்ம்ல நோய் கண்டுபிடிச்ச தேதி எழுத இடம் இருக்கு, அந்த ஒரு வருஷத்தை எழுத இடம் இல்ல.

80கள்ல சென்னைப் பொம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல இந்தக் கர்ப்பப்பை வாய் புற்றுதான் முதல் இடத்துல இருந்துச்சு, இப்ப மார்பகப் புற்று முந்திடுச்சு. இது குறையுதுன்னு சொல்றப்ப நிம்மதிதான், ஆனா இன்னும் வர்றவங்க பாதிப்பேர் இப்படித்தான் வர்றாங்க, அது மனசை அறுக்குது. திண்டுக்கல் கிராமங்கள்ல பயிற்சி எடுத்த நர்ஸுங்க கர்ப்பப்பை வாயில வினிகர் தடவி கண்ணால பார்க்குற டெஸ்ட்டை ஒரே ஒரு தடவைதான் செஞ்சாங்க, இந்தப் புற்றால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சுது, 2007லயே ரிசல்ட் வந்தாச்சு. லேப் வேணாம், பெரிய செலவு வேணாம். 30ல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு செஞ்சது அது. அந்த அம்மாவும் அதுக்குள்ளதான் வர்றாங்க.