தீராத முதுகு வலிக்கு நான் தேடிப்போன உதவிகள்

முதுகு வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். எனக்கு அந்தக் கெடு தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன. பாரம் தூக்கியதில் பிடிப்பு விழுந்து சில வாரங்களில் தணிந்துவிடும் வலியைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சரியாக வேண்டிய காலம் போன பிறகும் போகாத வலி ஒன்று இருக்கிறது. காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு எங்கெல்லாம் உதவி கேட்டேன், எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை இதே வலியோடு இருக்கும் ஒருவருக்குச் சொல்வதாக நினைத்து எழுதுகிறேன்.

என் வலி கீழ்முதுகில். காலையில் எழுந்து நிமிர்வதற்கே நேரம் பிடிக்கும். அரைமணி உட்கார்ந்தால் குடைய ஆரம்பிக்கும், எழுந்து நின்றால் வேறு இடத்தில் இழுக்கும். சில நாள் வலது பிட்டத்திலிருந்து தொடை வரை இறங்கும். தும்மல் வரப்போகிறது என்றால் முதலில் சுவரைத் தேடுவேன். இதையெல்லாம்விட என்னைத் தளர வைத்தது, "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்று மற்றவர்கள் சொன்னதுதான். கையில் கட்டு இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. முதுகு வலிக்கு அந்தச் சலுகை கிடையாது. உலகம் முழுக்க 2020 கணக்கின்படி 60 கோடிக்கு மேற்பட்டவர்கள் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள். மனிதர்களை அதிகம் முடக்கிப்போடும் உடல்நலப் பிரச்சினையே இதுதான். அத்தனை பேர் இருந்தும் ஒவ்வொருவரும் தனியாக நின்றுதான் தன் வலியை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பார்த்த மருத்துவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். ஆபத்தான அறிகுறிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறுநீர் அடைத்துக்கொள்கிறதா, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போகிறதா, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போயிருக்கிறதா, காலில் பலம் குறைந்துகொண்டே வருகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, முன்பு புற்றுநோய் இருந்ததா, பெரிதாக அடிபட்டதா. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது முதலில் சொன்ன அந்தச் சிறுநீர், மலப் பிரச்சினையோ, மரத்துப்போதலோ, கால் பலவீனமோ இருந்தால் மேலே படிக்க வேண்டாம், இப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அங்கே தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மற்ற அறிகுறிகள் இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அப்புறம் வேறொரு இடத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அறிக்கையில் 'எல்4-எல்5 ஜவ்வுப் பிதுக்கம், தேய்மானம்' என்று வந்தது. கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் ஜவ்வைத்தான் அப்படிக் குறிப்பிட்டிருந்தார்கள். அதைக் கொடுத்தவர் "ஜவ்வு வெளியே வந்திருக்கு, இனிமேல் குனியாதீங்க, கனம் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வார்த்தைகள் எனக்குள் இறங்கிய ஆழத்தை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட மகளைக் கூப்பிட ஆரம்பித்தேன். இன்னும் ஒரு தப்பான அசைவு போதும், முதுகு உடைந்துவிடும் என்ற நினைப்பிலேயே நாள் முழுக்க உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறுக இறுக வலியும் கூடியது.

பிறகு பார்த்த இன்னொரு மருத்துவர்தான் அந்த அறிக்கையை மேசையில் விரித்துவைத்து விளக்கினார். முதுகு வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015ல் ஒன்றாகத் தொகுத்திருக்கிறார்கள். வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது, 50 வயதில் அது 80 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம். அதாவது, என் ஸ்கேனில் தெரிந்தது வயதோடு வரும் மாற்றமாகவும் இருக்கலாம், அதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெளியே தள்ளிய ஜவ்வு பல பேருக்குக் காலப்போக்கில் தானாகவே சுருங்கிவிடுகிறது என்றும் சொன்னார். வலி அன்றைக்கே குறைந்துவிடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, தரையில் கிடந்த பையை நானே குனிந்து எடுத்தேன். ஸ்கேன் கூடாது என்று நான் சொல்லவில்லை, தேவைப்படும் நேரத்தில் அது உயிரைக் காக்கும். அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது இந்த விளக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இடைப்பட்ட காலத்தில் செய்து பார்த்தவை நிறைய. வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷன், மின்சாரம் வைக்கும் சிகிச்சை, எண்ணெய் மசாஜ், ஒத்தடம். ஒத்தடமும் மசாஜும் அந்தந்த நேரத்துக்கு இதமாக இருந்தன, அந்த இதம்கூட ஒரு பெரிய விஷயம்தான். அழற்சி குறைக்கும் மாத்திரைகள் மோசமான நாட்களைத் தாண்ட உதவின. ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போகவில்லை. பெல்ட்டைக் கழற்றினாலே பயம் வரும் நிலைக்குப் போய்விட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனம் சார்ந்த சிகிச்சை, மசாஜ் போன்ற கை வைத்தியம் ஆகியவற்றை அது ஆதரிக்கிறது. பெல்ட், டிராக்‌ஷன், ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அப்படியேதான்.

திருப்பம் வந்தது ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம். முதல் சந்திப்பில் அவர் என்னைப் படுக்கவே சொல்லவில்லை, உட்கார வைத்துப் பேசினார். எங்கே வலிக்கிறது என்று கேட்ட பிறகு, "இந்த வலியால எதையெல்லாம் செய்றதை விட்டுட்டீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவது, வெளியூர் பயணம், தோழிகளைப் பார்ப்பது, மாடியில் துணி காயப்போடுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். பட்டியல் நீண்டதும் அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அப்புறம் அந்தப் பட்டியலையே சிகிச்சைக்கான குறிக்கோளாக எழுதிக்கொண்டார். வலி பூஜ்யம் ஆவது அதில் இல்லை, தரையில் உட்கார்ந்து விளையாடுவது இருந்தது.

நாள்பட்ட வலி எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கினார். காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் உஷாராகவே இருந்துவிடலாம். சாதாரண அசைவைக்கூட அது ஆபத்தாக எடுத்துக்கொண்டு வலியாக மாற்றுகிறது. தூக்கம் குறைந்தால், கவலை கூடினால், பயந்து அசையாமல் இருந்தால் அந்த உஷார்நிலை இன்னும் ஏறும். வலி முழுக்க முழுக்க நிஜம், ஆனால் வலியின் அளவும் உள்ளே இருக்கும் பாதிப்பின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'வலிக்கிறது' என்பதற்கும் 'கெட்டுப்போகிறது' என்பதற்கும் நடுவில் இடைவெளி உண்டு என்று புரிந்ததும் உடம்பை அசைக்கத் துணிவு வந்தது.

பயிற்சிகள் மிக எளிமையானவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லச் சாய்ப்பது, இடுப்பைத் தூக்கி இறக்குவது, கை முட்டி ஊன்றி எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது, பிறகு நடை. எந்தப் பயிற்சி உசத்தி என்று தேடி நேரம் போக்க வேண்டாம். தொடர்ந்து செய்யக்கூடியது எதுவோ அதுதான் நல்ல பயிற்சி.

பயிற்சியைவிட எனக்கு அதிகம் உதவியது அளவு வைத்துச் செய்யப் பழகியதுதான். வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வீட்டு வேலை முழுவதையும் ஒரே மூச்சில் முடிப்பது, அடுத்த நாட்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பது, கொஞ்சம் தேறியதும் மறுபடி அதே. நாள்பட்ட வலி உள்ள கிட்டத்தட்ட எல்லோரும் இந்தச் சுழலில் மாட்டியிருப்பார்கள். பிசியோ சொன்ன வழி, வலியைப் பார்த்து நிறுத்தாமல் நேரத்தைப் பார்த்து நிறுத்துவது. சிரமமில்லாமல் பத்து நிமிடம் நிற்க முடிகிறது என்றால் எட்டு நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும், நல்ல நாளிலும் எட்டுதான், சுமாரான நாளிலும் எட்டுதான். அது பழகிய பிறகு கொஞ்சம் கூட்டலாம். நன்றாக இருக்கும் நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். பாதிச் சமையலில் உட்காருவது எனக்குப் பெரிய மனப் போராட்டமாகவே இருந்தது. ஆனால் படுக்கையில் விழும் நாட்கள் குறைந்தது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வலி திடீரென்று ஏறும் நாட்களுக்கு ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இது முன்பும் வந்திருக்கிறது, தணிந்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம். நாள் முழுக்கப் படுக்கக் கூடாது, மணிக்கொரு முறை வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். பயிற்சியைப் பாதியாகக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. ஆபத்து அறிகுறிகளின் பட்டியல், அவை வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது. வலி உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க முடியாது, அதனால் தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது எனக்குச் சுருக்கென்றது. வலியே பொய் என்கிறாரோ என்று தோன்றியது. ஆலோசகரிடம் போன பிறகுதான் விஷயமே வேறு என்று தெரிந்தது. 'இது சரியாகவே ஆகாது, மகளுக்கு நான் பாரம்' என்று ராத்திரியில் ஓடும் எண்ணங்களை எடுத்து வைத்துப் பார்ப்பது, தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது, மூச்சோடு உடம்பைத் தளர்த்துவது, விட்டுப்போன விஷயங்களைப் பயமில்லாமல் படிப்படியாகத் தொடங்குவது என்று எல்லாமே கைக்கு எட்டும் வேலைகள். அனுப்பும் மருத்துவர்கள் "உங்க வலி நிஜம், அதோட வாழ உதவி செய்றவங்க இவங்க" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேர் தயங்காமல் போவார்கள்.

வீட்டில் உதவி கேட்கவும் பழக வேண்டியிருந்தது. "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "இந்த வாளியை மட்டும் தூக்கி வையுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்றால் வேலை நடக்கும். என் கணவர் அக்கறையில் எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அது எனக்கு இன்னும் வலியாக இருந்தது. அவரையும் பிசியோவிடம் அழைத்துப்போனேன். நான் மெதுவாக அசைவதுதான் எனக்கு மருந்து என்று அவர் காதில் விழுந்த பிறகு வீட்டுச் சூழலே மாறியது. இப்போதெல்லாம் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை, "சாயங்காலம் நடக்கப் போலாமா?" என்கிறார். மகளோடு ஒரு எண் கணக்கு வைத்திருக்கிறோம். ஏழு என்று சொன்னால் அம்மாவுக்குக் கதை மட்டும்தான் முடியும், மூன்று என்றால் தரைக்கு வருவேன். அவள் அதை ஏற்றுக்கொண்ட விதம் பெரியவர்களுக்கே வராது. அலுவலகத்தில் உயரம் மாற்றும் மேசை கேட்டேன், கூட்டங்களில் நடுவில் எழுந்து நிற்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மருத்துவர் கடிதம் கையில் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது.

நாள்பட்ட வலி உள்ளவர்கள் கூடும் ஒரு சிறு குழுவிலும் சேர்ந்தேன். அங்கே யாருக்கும் என் வலியை நிரூபிக்க வேண்டியதில்லை, அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது. ஆனால் குழுவையும் பார்த்துத்தான் சேர வேண்டும். யாருக்கு வலி அதிகம் என்ற பேச்சு மட்டுமே ஓடும் இடத்திலும், ஒரே வாரத்தில் குணம் என்று எதையாவது விற்கும் இடத்திலும் இருக்காதீர்கள்.

இப்போதும் வலி இருக்கிறது. பல நாட்கள் அதை மறந்தே இருக்கிறேன், சில நாட்கள் மறக்க விடாது. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நடக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்தி 2024ல் வெளியான ஆய்வில், முதுகு வலியிலிருந்து தேறியவர்களில் நடைப்பயிற்சியும் பிசியோவின் வழிகாட்டலும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, பெறாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. என்னைப் போல வலி போகாதவர்களைப் பற்றிய ஆய்வு இல்லை அது. இருந்தாலும் படித்த அன்றைக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.

புதிதாக மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள், எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப்போங்கள். கேட்டுக்கொள்ளாத மருத்துவராக இருந்தால் இன்னொருவரைப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. எனக்குக் கேட்டுக்கொள்பவர் கிடைக்க நாளாயிற்று, ஆனால் கிடைத்தார்.